தொழிற்கட்டடத்துக்கு எந்த நிலம்: திறந்த நிலமா, பழைய ஆலை மனையா, தொழிற்பேட்டையா?

கிடங்கு ஆனாலும், உற்பத்திக் கூடம் ஆனாலும், பல நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் தொழில் வளாகம் ஆனாலும், கட்ட முனைபவரின் மேசைக்குப் பெரும்பாலும் மூன்று வகை நிலங்களே வந்து சேர்கின்றன. முதலாவது, இதுவரை கட்டடம் எழும்பாத திறந்த நிலம். அது விளைநிலமாகவோ மேய்ச்சல் வெளியாகவோ தரிசாகவோ இருக்கும். இரண்டாவது, மூடப்பட்ட ஆலை ஒன்று நின்ற மனை. மூன்றாவது, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் தொழிற்பேட்டைக்குள் ஒரு மனை. இம்மூன்றையும் விலை, நெடுஞ்சாலைத் தொலைவு, மின் இணைப்பு, கட்டி முடிக்கும் காலம் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடும் அட்டவணை எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் சூழலையும் மக்களையும் ஒன்றாகச் சேர்த்து, ‘அனுமதி பெற வேண்டும்’ என்ற மூன்று சொற்களோடு முடித்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கடைசிக் கட்டத்தை முதல் கட்டமாக வைத்து ஒப்பிட்டால் முடிவே மாறக்கூடும் என்பதனால், இங்கே அப்படித்தான் ஒப்பிடப் போகிறேன்.

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் வகுத்த 8 செயல்திறன் தரநிலைகள், பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளின் பொதுமொழியாக இன்று ஆகிவிட்டன. 2006-ல் வெளிவந்து 2012-ல் திருத்தப்பட்ட அவை ஒரு வரிசையை வலியுறுத்துகின்றன: முதலில் பாதிப்பைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க இயலாததைக் குறைக்க வேண்டும், அதற்குப் பிறகும் எஞ்சி நிற்பதற்கே ஈடு செய்ய வேண்டும். இந்த வரிசை பலருக்கும் மனப்பாடம். ஆனால் அதன் முதல் படியான ‘தவிர்த்தல்’, நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சில வாரங்களில் மட்டுமே முழுமையாக நம் கையில் இருக்கிறது. முன்பணம் கைமாறிய பிறகு நடத்தப்படும் தாக்க மதிப்பீடு, எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குறைப்பதைப் பற்றியும் ஈடு செய்வதைப் பற்றியும் மட்டுமே பேச முடியும். ஆகவே, எந்த நிலம் என்ற கேள்வியே இடர் மேலாண்மையின் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். மண்ணில் இருக்கும் நஞ்சை அளக்கலாம், அதை அகற்ற ஆகும் செலவுக்கு ஒரு கணக்குப் போடலாம், பெரும்பாலான இடங்களில் அகற்றவும் செய்யலாம். ஒரு நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பைக் கலைத்துவிட்டால், அதை அளப்பதற்கே நம்பகமான கோல் கிடையாது. திரும்ப அமைத்துத் தருவதோ இன்னும் கடினம். இந்தக் காரணத்தால், நிர்வாகக் குழுக்கள் அஞ்சி ஒதுக்கும் பழைய ஆலை மனையையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் முடிவு. திறந்த நிலம் ‘சுத்தமான நிலம்’ என்ற பெயரோடு வருவதால், அதன் இடர்கள் கண்ணில் படாமல் போகின்றன. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திறந்த நிலத்தின் உரிமை ஆவணங்களில் உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கும். அதில் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்து வாரத்துக்குப் பயிரிடுபவர், கூலி வேலை செய்பவர், ஆடு மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர் ஆகியோரின் பெயர்கள் இருக்காது. விலை பேசி முடித்து, உரிமையாளர்கள் அனைவரும் மனமுவந்து கையெழுத்திட்ட பிறகும், அந்த நிலத்தினால் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பேச்சுவார்த்தைக்கு வெளியிலேயே நின்றிருக்கலாம். மேற்கூறிய தரநிலைகளில் 5-ஆவது, நிலம் கையகப்படுத்துதலையும் விருப்பமில்லா இடப்பெயர்வையும் பற்றியது. வீட்டை இழப்பதையும் வருமான வழியை இழப்பதையும் அது தனித்தனியே கணக்கில் கொள்கிறது. சட்டப்படி உரிமை கோர இயலாதவர்களுக்கும் உதவி உண்டு என்றும், இழந்த வாழ்வாதாரத்தை மீட்டுத் தருவது திட்டத்தின் பொறுப்பு என்றும் சொல்கிறது. பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. சட்டம் கேட்டதை மட்டும் செய்துவிட்டு அமைதியாக இருந்த நிறுவனம், பின்னர் வங்கி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிப்பது இந்த இடைவெளியினால்தான்.

இதற்குச் சிங்கூரை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தில் சிறிய கார் தொழிற்சாலை ஒன்றுக்காக 2006-ல் ஏறத்தாழ 997 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. விவசாயிகளில் ஒரு பகுதியினர் இழப்பீட்டுக் காசோலையை வாங்க மறுத்தனர். பதிவு பெறாத வாரச் சாகுபடியாளர்களின் குறை தனியே எழுந்தது. கட்டுமானம் வெகுதூரம் முன்னேறியிருந்த நிலையில், 2008 அக்டோபரில் நிறுவனம் திட்டத்தைக் குஜராத்தின் சானந்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலையே ரத்து செய்து, நிலத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து விவசாயிக்குக் கிடைத்தது பழைய வயல் இல்லை. அஸ்திவாரங்களும் சாலைகளும் போடப்பட்டுவிட்ட மண். நிறுவனம், அரசு, விவசாயி என மூவருமே இழந்த இந்தக் கணக்கில், ‘நிலம் மலிவாகக் கிடைத்தது’ என்ற முதல் வரியை யாரும் இன்று எழுத மாட்டார்கள்.

பெரிய எதிர்ப்பு கிளம்பாத இடங்களிலும் சின்னச் சின்ன இழப்புகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க நிலத்தின் வரைபடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் அந்த நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். அளவையாளரின் வரைபடத்தில் வெறும் வெள்ளையாக இருக்கும் இடத்தில், புல் தேய்ந்து மண் இறுகிய ஒற்றையடிப் பாதை ஒன்று குறுக்காகப் போகும். அதன் ஒரு முனையில் குடியிருப்பும் மறுமுனையில் கிணறும் இருக்கும். சுற்றுச்சுவர் எழும்பும் நாளில், குடம் சுமப்பவர் பத்து நிமிடத்தில் கடந்த தொலைவு அரை மணி நேரமாகிவிடும். இதை எந்த அனுமதிப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை இதுவே முடிவு செய்கிறது.

நீரைப் பற்றிய கணக்கும் இப்படித்தான் விடுபட்டுப் போகிறது. ஒரு ஹெக்டேர் கூரையின் மீது 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் நீர் வழிகிறது. பெரிய கிடங்கு வளாகம் என்றால் கூரையும் கான்கிரீட் தளமுமாகப் பல ஹெக்டேர் பரப்பு மூடப்படும். முன்பு மண்ணுக்குள் இறங்கிய அந்த நீர் இப்போது சில மணி நேரத்துக்குள் எல்லைச் சுவரின் தாழ்ந்த மூலைக்கு ஓடிவந்து, பக்கத்து வயலுக்குள்ளோ வீடுகளுக்குள்ளோ புகுந்துவிடும். போதிய கொள்ளளவுள்ள தேக்கக் குளத்துக்கு இடம் ஒதுக்கினால் கட்டக்கூடிய பரப்பு குறையும். அந்தக் குறைவைக் கழித்த பிறகே திறந்த நிலத்தின் விலையை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். உயிரினங்களின் வாழிடம், தொல்லியல் எச்சம், புதிய சாலையால் பெருகும் லாரிப் போக்குவரத்து ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பழைய ஆலை மனைக்கு வருவோம். இங்கே மக்களை அப்புறப்படுத்தும் தேவை பெரும்பாலும் இல்லை. சாலையும் மின்சாரமும் ஏற்கெனவே இருக்கும். புதிதாக ஒரு வயலும் அழிவதில்லை. அச்சம் முழுவதும் மண்ணுக்குள் இருப்பதைப் பற்றியதே. அந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற கைவிடப்பட்ட கால்வாயில், 1942 முதல் சுமார் 10 ஆண்டுகள் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 20,000 டன் கழிவுகளைப் புதைத்தது. 1953-ல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, உள்ளே வேதிக்கழிவு இருக்கிறது என்றும், அதனால் விளையும் எதற்கும் தான் பொறுப்பில்லை என்றும் பத்திரத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978 ஆகஸ்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இதன் விளைவாக, நிலத்தின் தற்போதைய உரிமையாளரையும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாக்கும் சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980-ல் பிறந்தது. கழிவைப் புதைத்த நிறுவனத்தை 1968-ல் விலைக்கு வாங்கியிருந்த வேறொரு நிறுவனம், 1995-ல் 129 மில்லியன் டாலர் கொடுத்து அமெரிக்க மத்திய அரசோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பத்திரத்தில் எழுதிய பொறுப்புத் துறப்பு யாரையும் காப்பாற்றவில்லை என்பதை, பழைய மனையை விற்பவர் நீட்டும் ஒப்பந்தத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதே நாட்டில் 2002-ல் வந்த திருத்தம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. வாங்குவதற்கு முன் உரிய விசாரணைகள் அனைத்தையும் செய்து, மாசு இருப்பது தெரிந்தே வாங்கி, அதன் பிறகு பொறுப்போடு நடந்துகொள்பவருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க அது வழி செய்தது. பழைய மனைகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வர வேண்டுமானால், விசாரித்தவருக்கும் விசாரிக்காதவருக்கும் இடையே சட்டம் வேறுபாடு காட்ட வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதை, விலை பேசுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாரணை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மண்ணைத் தோண்டுவதில்லை: பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், உரிமங்கள், தீயணைப்புத் துறைப் பதிவுகள், அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்து, எந்தத் தொட்டி எங்கே இருந்தது, எந்த வடிகால் எங்கே போனது என்று ஒரு சித்திரத்தை உருவாக்குவார்கள். என் அனுபவத்தில், ஓய்வு பெற்ற பராமரிப்புத் தொழிலாளி ஒருவரோடு மனையை ஒரு மணி நேரம் சுற்றிவந்தால் கிடைக்கும் தகவல், கோப்புகளில் ஒரு வாரம் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். துளைக்குழாயிலிருந்து எடுத்த மண்ணை நீளவாக்கில் தட்டில் கிடத்தும்போது, மேலே செம்பழுப்பாக இருக்கும் மண் ஓரிடத்தில் திடீரெனச் சாம்பல் கறுப்பாக மாறி, டீசல் வாடை மூக்கில் ஏறும். நிர்வாகக் குழு அஞ்சிய பூதம் அந்த ஒரு சாண் கறுப்புப் பட்டைதான். அது எத்தனை மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நிலத்தடி நீரைத் தொட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்ததும், அச்சம் ஒரு செலவுக் கணக்காக மாறிவிடும்.

மாசு இருக்கிறது என்பதாலேயே ஆபத்து வந்துவிடாது. மாசின் மூலம், அது பயணம் செய்யும் வழி, அதனால் பாதிக்கப்படுபவர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தால்தான் ஆபத்து. இவற்றில் ஏதேனும் ஒரு கண்ணியை அறுத்தால் போதும்: மண்ணைத் தோண்டி அகற்றலாம், அங்கேயே வைத்துச் சுத்திகரிக்கலாம், நீர் இறங்காதபடி மேலே மூடலாம். தொழிற்கட்டடத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டுமனைக்குத் தேவைப்படும் தூய்மை, கான்கிரீட் தளத்தால் மூடப்படும் கிடங்குக்குத் தேவைப்படாமல் போகலாம். எனினும் ஒரு விலக்கைக் கவனிக்க வேண்டும். உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகித் தளத்தின் விரிசல் வழியே மேலேறி, உள்ளே வேலை செய்பவர்களின் மூச்சில் கலக்கும். கட்டும்போதே தளத்துக்கு அடியில் ஆவித்தடுப்பு விரிப்பும் காற்றுக் குழாயும் அமைப்பது எளிது. கட்டடம் எழுந்து இயந்திரங்கள் நின்ற பிறகு அமைப்பது மிகக் கடினம்.

பழைய மனையிலும் சமூக இடர் இல்லாமல் இல்லை. ஆலை மூடப்பட்டபோது நிலுவைத் தொகை கிடைக்காத தொழிலாளர்கள் புதிய உரிமையாளரின் வாசலுக்கு வருவார்கள். காலியாகக் கிடந்த ஆண்டுகளில் அங்கே குடியேறியவர்கள் இருப்பார்கள். புகையையும் நாற்றத்தையும் பல ஆண்டுகள் சகித்த அக்கம்பக்கத்தினர் ‘மறுபடியுமா?’ என்று கேட்பார்கள். பழைய கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைப் பாதுகாப்பு முறை எதுவுமின்றி உடைத்தால், அதன் இழைகளை முதலில் சுவாசிப்பவர் இடிக்கும் வேலைக்கு வந்த தினக்கூலி. ஆனால் இவர்கள் அனைவரையும் பெயர் சொல்லிக் கண்டறிய முடியும், முதல் மாதத்திலேயே சந்திக்கவும் முடியும்.

தொழிற்பேட்டை மனை மூன்றிலும் எளிதாகத் தோன்றுவது. நிலம் ஏற்கெனவே தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அனுமதியின் ஒரு பகுதியைப் பேட்டையை அமைத்தவர்களே வாங்கி வைத்திருப்பார்கள். நன்றாக நடத்தப்படும் பேட்டையில் ஓர் ஆலையின் கழிவு இன்னோர் ஆலையின் கச்சாப் பொருளாவதும் உண்டு. டென்மார்க்கின் கலுன்போர்க்கில் நீராவி, நீர், ஜிப்சம் ஆகியவை 1970-களிலிருந்து படிப்படியாக இப்படிக் கைமாறத் தொடங்கின. ஆனால் இங்கே உங்கள் இடரின் பெரும்பகுதி அயலார் கையில் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அதன் கொள்ளளவுக்கு மேல் நிரம்பியிருந்தால், உங்கள் கழிவுநீர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஆற்றில் கலக்கும் கழிவில் உங்கள் பெயரும் கலக்கும். காற்றிலும் நீரிலும் எல்லா ஆலைகளும் சேர்ந்து ஏற்றும் சுமையைப் பெரும்பாலும் எவரும் தனியாக அளப்பதில்லை.

அண்டைவீட்டாரைப் பற்றிய விசாரணை இங்கே மண் பரிசோதனைக்கு நிகரானது. 2015 ஆகஸ்ட் 12 இரவு சீனாவின் தியான்ஜின் துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்கு வெடித்ததில் 173 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அங்கே சுமார் 800 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. குடியிருப்புகள் விதிகள் அனுமதித்த தூரத்தைவிட நெருக்கமாக இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்களில் பலருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பேட்டையில் மனை வாங்குவதற்கு முன், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எந்த ஆலை எதை எவ்வளவு சேமிக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். நிர்வாகம் அதைத் தர மறுத்தாலோ அப்படியொரு பட்டியலே இல்லை என்றாலோ, அந்தப் பதிலையே மனையின் மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நிலத்தைத் தேர்ந்தாலும் மாறாத சில இடர்கள் உண்டு. அவற்றை ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியே வைக்கிறேன். வாடகைக்குக் கட்டுபவர் தன் கூரையின் கீழ் நடப்பதற்குத் தாமும் பொறுப்பு என்பதை ஏற்க வேண்டும். வங்கதேசத்தின் சாவாரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேரைக் கொன்ற ரானா பிளாசா, பல நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கட்டடம். அனுமதியின்றி மேல்தளங்கள் ஏற்றப்பட்டிருந்தன. முந்தைய நாள் விரிசல் கண்டதும் கீழ்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். தளம் தாங்கும் எடை, மாடி ஏற்றத் தடை, அவசர வழிகளைப் பூட்டாதிருத்தல், கட்டட உரிமையாளர் உள்ளே வந்து சோதிக்கும் உரிமை ஆகியவை வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை. வேதிப்பொருள் வைக்கக்கூடிய கிடங்கு என்றால், தீயணைத்த நீரைத் தேக்கிவைக்கும் குளமும் வேண்டும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கருகே ஒரு கிடங்கு தீப்பிடித்தபோது, தீயணைக்கப் பீய்ச்சிய நீர் பூச்சிக்கொல்லிகளை ரைன் நதிக்குள் அடித்துச் சென்றது. பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. கட்டுமானத் தொழிலாளர்களின் தங்குமிடத்துக்குச் சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கியும் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியை ஒப்பந்ததாரருக்கான நிபந்தனையாகவே சேர்த்துவிடலாம்.

ஐஎஸ்ஓ 14001 என்ற சூழல் மேலாண்மைச் சான்றிதழ் இருந்தால் இவை அனைத்தும் தீர்ந்துவிடும் என்று எண்ணுபவர்களும் உண்டு. 1996-ல் வந்த அந்தத் தரநிலை நிர்வாக முறையை ஒழுங்குபடுத்துகிறது. எவ்வளவு மாசு ஏற்கத்தக்கது என்று அது சொல்வதில்லை, இடம்பெயர்ந்தவர்களைப் பற்றியும் அது பேசுவதில்லை. கட்டடம் இயங்கத் தொடங்கிய பின் பயனுள்ளது. நிலம் தேர்ந்தெடுக்க உதவாது.

கடன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும்போது சூழல், சமூக இடர்களை மதிப்பிட 2003-ல் 10 வங்கிகள் ஏற்றுத் தொடங்கிய ஈக்வேட்டர் கோட்பாடுகளின்படி திட்டங்கள் இடரின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. மக்களைப் பெருமளவில் இடம்பெயர்க்கும் திறந்த நிலத் திட்டம் இடர் மிகுந்த ஏ வகைக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். அதற்கான ஆய்வுகளும் கலந்தாய்வுகளும் வெளியார் மேற்பார்வையும் எடுக்கும் மாதங்கள், மண்ணைச் சுத்தம் செய்யும் மாதங்களைவிடக் குறைவாக இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது. பழைய ஆலை மனை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், வாங்குவதற்கு முன் மூன்று நான்கு மாதம் ஆய்வு செய்யும் உரிமையை ஒரு சிறு தொகைக்கு ஒப்பந்தமாகப் பெறுங்கள். ஆய்வில் கண்ட செலவை விலையில் கழித்து, விலையின் ஒரு பகுதியைச் சுத்திகரிப்பு முடியும்வரை மூன்றாம் தரப்பினரிடம் வைப்பாக நிறுத்துங்கள். மாசு நிலத்தடி நீர் வழியே எல்லையைத் தாண்டியிருந்து, அதன் விளிம்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த மனையை விட்டுவிடுங்கள். அளக்க முடிவதனால்தான் அதை முதலிடத்தில் வைத்தேன், அந்த ஆதாயமே இங்கே போய்விடுகிறது. அப்படி நேர்ந்தால், சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேடுகளையும் அண்டை ஆலைகளின் சேமிப்புப் பட்டியலையும் தயங்காமல் காட்டும் தொழிற்பேட்டைக்குச் செல்லலாம். திறந்த நிலத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆகும்போது, உரிமை ஆவணம் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பு நடத்தி, அவர்களின் இழப்பீட்டையும் மாற்று வேலைக்கான பயிற்சியையும் முன்பணம் கொடுக்கும் நாளுக்கு முன்பே வரவு செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். கட்டடக் கலைஞர் தூண்களின் இடத்தைக் குறிக்கத் தொடங்கும் முன், கிணற்றுக்குப் போகும் அந்தப் பாதையை வரைபடத்தில் வரைந்து கொடுங்கள்.